முனுசாமிக்கு ஒதுக்கிய பத்து வார்த்தைகள்

அந்தச் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது பினாயில் வாசனை. அதற்கு மேல், சார்ட் பேப்பர் ஒட்டிய பசையின் புளிப்பு. அதற்கும் மேல், முன்னால் நின்ற தாய்மார்களின் சென்ட்.

சுவர் நீளத்துக்கு மஞ்சளும் ரோஸுமாக அட்டைகள் தொங்கின. ஒவ்வொரு அட்டையிலும் மேலே ஒரு குழந்தையின் குடும்பப் பெயர், கீழே பத்து ஆங்கிலச் சொற்கள். ஐந்தாம் வகுப்பு படித்த என் மகள் கலைவாணி, கையில் ஸ்கேலோடு தன் அட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த அட்டையின் உச்சியில் கொட்டை எழுத்தில் 'முனுசாமி' என்று இருந்தது. அது என் பெயர்.

எனக்கு முன்னால் சஃபாரி சூட் போட்ட ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "மட்... மக்... மியூல்... மம்ப்ஸ்... மர்க்கி..."

சேறு. சாணிக் குப்பை. கோவேறு கழுதை. பொன்னுக்கு வீங்கி. கலங்கல். அதற்குக் கீழே முணுமுணுப்பு, நாய்க்குப் போடும் வாய்க்கட்டு, கொலை, ஆட்டுக்கறி, பூஞ்சை நாற்றம். மொத்தம் பத்து.

அவர் தன் மனைவியிடம் திரும்பி, "ஹூ இஸ் திஸ் முனுசாமி? புவர் ஃபெலோ" என்று சிரித்தார்.

அந்தப் பாவப்பட்ட முனுசாமி அவருக்கு இரண்டடி பின்னால்தான் நின்றிருந்தான். அயர்ன் செய்த சட்டையும் முந்தின நாள் வெட்டிய முடியுமாக.

இந்தத் தொடரின் தலைப்பில் எழுதுபவர் பிரகாஷ் என்று போட்டிருக்கிறது, உள்ளே பார்த்தால் எல்லோரும் உங்களை முனுசாமி என்கிறார்கள், எதை நம்புவது என்று ஓசூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பெயரை நானே தொலைத்த கதையை இந்த வாரம் எழுதிவிடுகிறேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துக் கேட்கவில்லை. நானாகப் போய்க் கொடுத்தேன்.

ஒரு காலிக் கட்டம்

நாங்கள் மர்பி டவுன்காரர்கள், கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். எங்கள் சந்தில் மட்டும் நான்கு முனுசாமிகள். மேஸ்திரி முனுசாமி, ஒல்லி முனுசாமி, மாட்டுக்கார முனுசாமி, அப்புறம் நான், 'பேண்ட்' முனுசாமி. சந்திலேயே முதலில் பி.யூ.சி. முடித்து, முதலில் பேண்ட் போட்டுக்கொண்டு ஆலை வேலைக்குப் போனவன் என்பதால் அந்தப் பட்டம். நான்கு பேரில் யார் யார் என்பதில் ஒரு நாளும் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. தபால்காரருக்குக்கூட.

குழப்பம் மகள் கலையைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் வந்தது. நல்ல இங்கிலீஷ் மீடியம் பள்ளி. அந்தப் பள்ளியின் சீருடையில் ஒரு குழந்தை எங்கள் சந்திலிருந்து போனால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பிய வயது எனக்கு.

விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். நான் காலியாக விட்டிருந்தேன். குமாஸ்தா அதைப் பேனாவால் தட்டி, எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

"சர்நேம் எல்லி ஸார்?"

"எங்கள்ல அது கிடையாதுங்க. இனிஷியல்தான். எம். கலைவாணி."

"எல்லாருக்கும் இருக்கும் ஸார். உங்க ஃபேமிலிய எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க?"

எங்கள் குடும்பத்தைச் சந்தில் 'கொழாய் பக்கத்து வீடு' என்று கூப்பிடுவார்கள். அதை ஒரு கட்டத்துக்குள் எழுத முடியாது. குமாஸ்தா பொறுமை இழந்து, என் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டார். கலைவாணி முனுசாமி.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பள்ளியில் வருகைப் பதிவே குடும்பப் பெயரால்தான் என்பது பிறகு தெரிந்தது. நான் ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நட்டு போல்ட்டுகளை அளந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், மூன்று மைல் தள்ளி ஒரு டீச்சர் "முனுசாமி!" என்று கூப்பிட, ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து "பிரசன்ட் மிஸ்" என்று சொல்லுவாள்.

என் மனைவி மல்லிகாவுக்கு இதில் அளவில்லாத சந்தோஷம். "இன்னா, இன்னிக்கு நீ ஹோம்வொர்க் எழுதாம போய்ட்டியாமே? உன்ன பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்களாம். உம் பொண்ணு சொன்னா."

பிரபு மிஸ்ஸின் கண்டுபிடிப்பு

ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்வளத்துக்கென்று தனி வகுப்பு. அதை எடுத்தவரைக் குழந்தைகள் பிரபு மிஸ் என்பார்கள். மொறமொறப்பான காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி, ஒவ்வொரு வார்த்தையையும் கழுவித் துடைத்து வைப்பதுபோலப் பேச்சு.

அவரிடம் ஒரு முறை இருந்தது. சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் அகராதியில் ஒரு சொந்தப் பக்கம். குடும்பப் பெயர் எந்த இரண்டு எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் சொற்கள் அந்தக் குழந்தையுடையவை. வருடம் முழுக்க வாரத்துக்குச் சில சொற்கள் படித்து, பொருள் எழுதி, வாக்கியத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் வரும் நாளில் அவற்றில் பத்துச் சொற்கள் சுவரில் ஏறும்.

அந்தச் சனிக்கிழமை மைக்கில் அவர் இதை விளக்கினார். பெயரும் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்களாம். பெயரின் குணம் சொல்லில் தெரியுமாம், சொல்லின் குணம் பெயரில் தெரியுமாம். உதாரணத்துக்குத் தன்னையே காட்டினார். "பி, ஆர். பிரெய்ஸ். பிரைட். பிரின்ஸ். பிரைஸ். ப்ரூடென்ட்." புகழ்ச்சி, பெருமிதம், இளவரசன், பரிசு, விவேகம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் சந்துக் கோயில் முனையில் கிளி ஜோசியம் பார்த்த பெரியவரை நான் வாழ்நாளெல்லாம் கேலி செய்தவன். அவராவது கிளிக்கு நெல் போட்டார். இவர் அகராதியை வைத்து அதையே செய்தபோது, அதுவும் ஆங்கிலத்தில் செய்தபோது, அது எனக்கு விஞ்ஞானமாகத் தெரிந்தது.

கூட்டம் கலைந்தபோது அவர் எங்கள் பக்கம் வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கலைவாணி வெரி கிளியர் வாய்ஸ், மிஸ்டர் முனுசாமி. ஆனா என்ன பண்றது, உங்க பேஜ் கொஞ்சம் சேத்துப் பேஜ்." அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைக் கலை பார்த்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சொற்களை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. 'மியூல்' என்பதற்குக் கழுதைபோலக் காதை ஆட்டிக்கூடக் காட்டினாள். வருத்தம் முழுவதும் எனக்குத்தான்.

அகராதி வேட்டை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய அகராதி ஒன்றை வாங்கினேன். அட்டை போய், முதல் சில பக்கங்கள் போய், கரையான் வாசனையோடு இருந்தது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு அதை எடுத்து வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

முதலில் கலையின் வகுப்பிலிருந்த பெயர்களையெல்லாம் பார்த்தேன். ஷெட்டி வீட்டுப் பையனின் அட்டையில் ஒளி, கோயில், நிழல், பகிர்வு என்று இருந்தன. அகராதியில் அதே இரண்டு எழுத்தில் அவமானமும் கந்தலும் சுறாமீனும் இருந்தன. ராவ் பெண்ணின் அட்டையில் வானவில்லும் ஒளிக்கதிரும். அகராதியில் அதோடு கந்தைத் துணி, வெறிநாய், எலி.

என் பக்கத்தையும் பார்த்தேன். சேற்றுக்கும் சாணிக்கும் நடுவில் இசை இருந்தது. அருங்காட்சியகம் இருந்தது. ஏதோ ஒன்றிரண்டு தப்பிப் பிறந்தவை என்று தாண்டிப் போனேன்.

ஒரு பி.யூ.சி. படித்த மனிதன், தினமும் அளவுக்கருவியை வைத்து ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகைக் கண்டுபிடிப்பவன், கண்ணுக்கு எதிரே கிடந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தது ஒன்றே ஒன்று: நல்ல பக்கம் வேண்டும் என்றால் நல்ல பெயர் வேண்டும். மகளின் குடும்பப் பெயர் என்பது என் பெயர். ஆகவே நான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

'வி'யில் வெற்றி இருந்தது, வில்லனும் இருந்தான். 'சு'வில் சூரியன் இருந்தது, சந்தேகமும் இருந்தது. கடைசியில் பிரபு மிஸ்ஸின் பக்கத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அவர் தன் பக்கத்தையே கேவலப்படுத்த மாட்டார் அல்லவா? பிரகாஷ். பி, ஆர்.

மல்லிகா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் கத்தி நின்றது.

"எவளோ ஒரு டீச்சரு இன்னாமோ சொன்னான்னு பேர மாத்துவியா? நாளைக்கு வூடு சரியில்லன்னா என்னிய மாத்துவியா?"

"கொழந்தைக்காகத்தான் மல்லிகா. பெரிய எடத்துல படிக்குது. பேரு கூடவே வரும்."

"கொழந்த கேட்டுச்சா?"

"அதுக்கு இன்னா தெரியும்?"

"உனக்கு இன்னா தெரியுது?" என்றாள். "நான் முனுசாமின்னுதான் கூப்டுவேன். கோவம் வந்தாதான கூப்டறேன். பிரகாஷுன்னா எனக்குக் கோவமே வராது, சிரிப்புதான் வரும்."

தட்டச்சுக்காரர் கேட்ட காரணம்

கோர்ட்டு வளாகத்துக்கு வெளியே மரத்தடியில் தட்டச்சு இயந்திரங்களோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வாய்த்தவர் சிவப்பேறிய கண்களோடு, வெற்றிலை மென்றபடி, என் முகத்தைப் பார்க்காமலே தாளைச் சுருட்டி ஏற்றினார்.

"பழைய பேரு?"

"முனுசாமி."

"புதுப் பேரு?"

"பிரகாஷ்."

"காரணம்?"

நான் தயங்கினேன். அவர் பழக்கப்பட்ட கையோடு அடுக்கினார். "மதம் மாறினீங்களா? இல்ல. டைவர்ஸா? இல்ல. அப்ப நியூமராலஜி. எல்லாரும் அதான் ஸார் போடறாங்க. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

சரி என்றேன். எங்கள் ஆலை வாசகர் வட்டத்தில் எண் சோதிடம் ஏமாற்று வேலை என்று ஒரு மணி நேரம் பேசியவன் நான். இயந்திரம் டக் டக்கென்று அடித்துத் தள்ளியது.

அங்கே நின்றபோது இன்னொரு நாள் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுதாகாது.

காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்த, தமிழர்கள் அடிபட்ட அந்த டிசம்பர். கலைக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல். மருந்து வாங்கிக்கொண்டு சைக்கிள் முன்பாரில் அவளை உட்கார வைத்து, ஜீவனஹள்ளி வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முக்கில் டயர் எரிந்த கறுப்புப் புகை. அதற்குப் பின்னாலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். கையில் சவுக்குக் கட்டைகள்.

"ஏய், நில்லு. ஹெசரேனு?"

பெயர் என்ன என்று கேட்கிறார்கள். எனக்குக் கன்னடம் தாய்மொழி போலவே வரும். இந்த ஊரிலேயே பிறந்தவன். "மஞ்சுநாத்" என்றேன். கன்னடப் பெயர், ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவர்களில் ஒருவன் கலையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, குழந்தைக்கு இவ்வளவு காய்கிறதே, சீக்கிரம் போ என்று கன்னடத்தில் சொல்லி வழிவிட்டான். இரண்டு தெரு தாண்டிய பிறகு இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். எங்களுக்கு எதிர்வீட்டு நஞ்சப்பாதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர். யாரையும் எங்கள் பக்கம் வரவிடவில்லை.

சைக்கிளிலேயே கலை கேட்டாள். "ப்பா, உம் பேரு மஞ்சுநாத்தா?"

"சும்மா வெளையாட்டுக்கும்மா."

அன்று சொன்னது உயிருக்காக. அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் உயிருக்காகப் பெயரை ஒரு முறை கை விட்டவனுக்கு, இரண்டாம் முறை ஒரு சார்ட் பேப்பருக்காக விடுவது அத்தனை கடினமாக இல்லை. மரத்தடியில் என் முன்னால் கட்டை ஏந்திய யாரும் இல்லை. ஒரு காட்டன் புடவை டீச்சரும் ஒரு சஃபாரி சூட்டும் போதுமானதாக இருந்தது.

தினசரியில் மூன்று வரி விளம்பரம் வந்தது. ஆலையில் என் மேசைக்குப் பக்கத்து மேசை தேவராஜ் அதை வெட்டி, என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருந்தான்.

"இன்னா குரு, சினிமாவுல சேரப் போறியா? முனுசாமிக்கு இன்னா கொறச்சல்? சாமியே பேர்ல இருந்துச்சி. கரண்டு கம்பெனி மாதிரி பிரகாஷுன்னு வெச்சுக்கினு."

புதுப் பக்கம்

பெயர் மாற்றத் தாள்களைப் பள்ளியில் கொடுத்தேன். குமாஸ்தா பதிவேட்டில் முனுசாமியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே பிரகாஷ் என்று எழுதினார். கலை 'மு' வரிசையிலிருந்து 'பி' வரிசைக்குப் போனாள். மூன்று பெஞ்சு பின்னால்.

முதல் நாள் வீட்டில் சாப்பிடும்போது, "பிரகாஷ்னு கூப்ட்டாங்க. நான் எழுந்துக்கல. அப்சென்ட் போட்டுட்டாங்க" என்றாள்.

"நாளைக்கு எழுந்துக்கோ."

"ம்."

அடுத்த தவணையில் மறுபடி பெற்றோர் நாள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். அதே பினாயில், அதே பசை. 'பி' அட்டைகளைத் தேடினேன். ஒரு பிரசாத் இருந்தான்: புகழ்ச்சி, பரிசு, இளவரசன். அதற்குப் பக்கத்தில் பச்சை அட்டையில் பிரகாஷ்.

பிரான். பிரிசன். பிரிக். ப்ரவுல். பிராட்டில். பிரை.

இறால். சிறைச்சாலை. முள் குத்து. இரை தேடித் திரிதல். உளறல். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்தல். இப்படியே போய், பத்தாவது சொல் 'பிரிடெண்ட்'. பாசாங்கு.

ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் படித்தேன். பிறகு என் கண் தானாகப் பழைய இடத்துக்குப் போனது. எம், யூ. அங்கே காலியாக இருக்கும் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு அட்டை.

முகர்ஜி. கல்கத்தாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன். அவன் அப்பா ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பதவி. மியூசிக். மியூசியம். மஸ்லின். மியூரல். மியூச்சுவல். மியூனிஃபிசென்ட். இசை, அருங்காட்சியகம், மென்துகில், சுவரோவியம், பரஸ்பரம், வாரி வழங்கும் குணம்.

அதே பக்கம். அதே இரண்டு எழுத்து. ஒரு பொட்டுச் சேறு இல்லை.

கலை என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அந்தப் பையனைப் பார்த்துக் கையசைத்தாள். அவனும் அசைத்தான்.

"கலை, இந்த வார்த்தையெல்லாம் யாரும்மா பொறுக்கறது? நீங்களா?"

"இல்லப்பா. மிஸ்தான் எழுதிக் குடுப்பாங்க."

"எப்பவுமா?"

"எப்பவும். எனக்கு ஈஸியா குடுப்பாங்க. உங்க ஏரியாவுல என்ன பாக்கறியோ அது போதும், உனக்கு யூஸ் ஆகறது எழுதுன்னு சொல்வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முகர்ஜி வந்தப்ப என் பழைய நோட்ட அவனுக்குக் குடுத்தேன்பா. மு பேஜுதானே. மிஸ் அத வேணாம்னு சொல்லிட்டாங்க. அவனுக்கு வேற எழுதிக் குடுத்தாங்க."

"இத ஏன் அப்பாகிட்ட முன்னாடியே சொல்லல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ குற்றச்சாட்டோ இல்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டும் முகம்.

"நீ கேக்கவே இல்லியே. நேரா போய் பேர மாத்திட்ட."

கேட்டவளும் கேட்காதவனும்

பிரபு மிஸ் ஹாலின் மறு கோடியில் நின்றிருந்தார். போனேன். மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். கிட்டே போனதும், "மிஸ், வேர்ட்ஸ்..." என்றேன்.

"எஸ், மிஸ்டர் பிரகாஷ்?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு வினாடியில் அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. "என் பொண்ணுக்கு... வேற வேர்ட்ஸ்..." என்று இழுத்தேன்.

அவர் மிக அன்பாகச் சொன்னார். "குழந்தைகள் அவர்கள் வாழ்க்கையில் பயன்படுத்தக்கூடிய சொற்களைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், மிஸ்டர் பிரகாஷ். அதுதான் நல்ல கல்வி."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "தேங்க்யூ மிஸ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திங்கட்கிழமை காலை, தானும் வருவதாகச் சொல்லி, கலையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். கலையின் பள்ளிக்கூட வாசலை அதுவரை தாண்டாதவள்.

என்ன பேசினாள் என்பதைக் கலைதான் எனக்கு நடித்துக் காட்டினாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் கேட்டிருக்கிறாள். "மிஸ், எங்கூட்டுக்கு நீங்க ஒரு தபாகூட வந்ததில்ல. எங்க ஏரியாவுல சாணியும் ஜெயிலும்தான் கீதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பசங்களுக்குக் குடுக்கற வார்த்தைய எம் பொண்ணுக்கும் குடுங்க. கஷ்டமா இருந்தா அவ அழட்டும். நான் பாத்துக்கறேன்."

ஐந்து நிமிஷம். அவ்வளவுதான் ஆனதாம்.

அந்த வாரம் கலையின் நோட்டில் 'ப்ரூடென்ட்' வந்தது. அடுத்த வாரம் 'பிரெஷியஸ்'. கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்க முடிகிறது. கேட்க ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது. அந்த ஆளாக இருப்பதற்குப் பதில் நான் அகராதி வாங்கினேன், மரத்தடிக்குப் போனேன், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன், நாற்பது வருடம் என் கூடவே இருந்த பெயரைச் சிவப்பு மையில் அடிக்க வைத்தேன். ஒரு டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்பது எனக்கு அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

பிரபு மிஸ்ஸின் மேல் எனக்கு இளக்காரம் உண்டு. சஃபாரி சூட்டின் மேலும் உண்டு. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதில் பெரும்பங்கு எனக்கே வந்து சேருகிறது.

யார் இந்த முனுசாமி

எட்டாம் வகுப்புக்குக் கலை வேறு பள்ளிக்கு மாறினாள். விண்ணப்பத்தை அவளே நிரப்பி, பிறப்புச் சான்றிதழை இணைத்து, கையெழுத்துக்கு நீட்டினாள். நான் படிக்காமல் போட்டேன். பிரகாஷ் என்று. அப்பா பெயர் என்ற இடத்தில் அவள் முனுசாமி என்று எழுதியிருந்ததை நானும் பார்க்கவில்லை, அந்தப் பள்ளியும் பார்க்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் வந்தபோதுதான் தெரிந்தது. கலைவாணி எம். தந்தை முனுசாமி.

"இன்னாம்மா இது?"

"கரெக்டாதானப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

அதன் பலனைப் பிறகு அனுபவித்தோம். படித்து முடித்து ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாடு அனுப்புவதாகச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனோம். அவள் சான்றிதழ்களில் எல்லாம் தந்தை முனுசாமி. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பிரகாஷ்.

கவுன்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கன்னடத்தில் கேட்டார். "யாரம்மா இந்த முனுசாமி?"

"எங்கப்பா ஸார்."

"அப்ப இந்த பிரகாஷ்? ஸ்டெப் ஃபாதரா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பையிலிருந்து மரத்தடியில் அடித்த பழைய அஃபிடவிட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்றால் கை ஜிப்பில் சிக்கிக்கொண்டது.

கலை என் தோள்மேல் கை வைத்தாள். அதிகாரியிடம் சுத்தமான கன்னடத்தில், சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"இல்ல ஸார். ரெண்டும் இவரேதான். நடுவுல கொஞ்ச நாள் பயந்துட்டாரு."

அதிகாரி என்னைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். பிறகு அஃபிடவிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நாள் என்று சொன்னாளே, அது எனக்காக அவள் சொன்ன பொய்.